ஒரு படகும் போகாத நாள்

இன்று ஆபீஸ் அலமாரியைக் காலி செய்தபோது உன் ஸ்பேனர் பை கிடைத்தது. ஜிப்பைத் திறந்ததும் கருவாட்டு வாசம். செங்கல்பட்டில், மூன்றாவது மாடியில், ஏசிக் குளிரில் உங்கள் குப்பமே வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைப் பொத்தினார். நான் பையை மூடவில்லை.

நெம்மேலிக்குத் தெற்கே நான்கு குப்பங்கள், நான்கு கம்பங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கம்பியில்லாப் பெட்டி. ஒன்று சொல்வதை அடுத்தது வாங்கி அதற்கடுத்ததற்குச் சொல்லும். கடலில் இருக்கும் படகுகளுக்குக் காற்று, புயல் பற்றிய செய்தி அப்படித்தான் போனது. கம்பம் ஏறுவது நீ. கீழே மடிக்கணினியோடு வெயிலில் காய்வது நான். பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதியதும் நான்தான்.

வரும் செய்திக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கியவன், வந்தது அதற்குள் அடங்குமா என்று அளந்து பார்க்கும் ஒரே ஒரு வரியை எழுத மறந்திருந்தேன். வெளியாள் ஒருவர் அதைக் கண்டுபிடித்து எங்களுக்கு எழுதினார். உனக்கு எப்படி விளக்குவது என்று நான் திணற, நீயே சொன்னாய்: "ஐஸ் பொட்டி ரொம்பினப்புறமும் மீனக் கொட்டிகினே இருந்தா, எஞ்சின் மேல வுழும். அதான மச்சான்?"

அதேதான். வேண்டுமென்றே நீளமான செய்தி அனுப்பத் தெரிந்தவன், பெட்டியைத் தன் பேச்சைக் கேட்க வைக்கலாம். புயல் நேரத்தில் அதன் வாயை அடைக்கலாம். இணையம் வழியாக வரும் பாதையை அன்றே அடைத்தோம். ஆனால் கரையில் நின்று நேரே பெட்டிக்கு அனுப்புகிறவனை அது தடுக்காது. உன் தம்பி தினமும் அந்தக் கடலில்தான் இருந்தான்.

திருத்திய நிரல் தயார். ஆனால் புதியதும் பழையதும் ஒன்றோடொன்று பேசாது. நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும், அன்று ஒரு படகும் கடலில் இருக்கக் கூடாது. மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்றேன், பெரிய மேதாவி மாதிரி. நீ கம்பத்தின் மேலிருந்தே சிரித்தாய். "தட பெரிய போட்டுக்குத்தான்டா. எங்க சின்ன பைபரு போட்டு வருசம் பூரா போய்கினுதான் கீது." பஞ்சாயத்தில் ஒருநாள் லீவு கேட்டுப் பார்த்தாய். இறால் வரத்து நேரம். "உன் பொட்டிக்காவ எங்க அடுப்ப அணைக்கணுமா?" என்று உன் மாமாவே எகிறினார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், வலை பிரித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். மறுநாள் விடிந்ததும் உன் தம்பி போனில் அழுதான். "மூணு மணிக்கு எடுக்குறாங்கண்ணா. எல்லாம் சொந்தம், நாலு குப்பத்துலயும் ஒருத்தனும் கடலுக்குப் போவல."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இன்று நான்கு பெட்டியையும் மாற்றிவிடலாம் என்றுதான் தோன்றியது.

அந்த நாள் இன்னும் கனவு மாதிரியே இருக்கிறது. மூட்டம் விலகாத கரை. மணலில் வரிசையாகப் படுத்துக் கிடந்த படகுகள். கடலில் ஒரு புள்ளிகூட இல்லை. வண்டியில் நீ விட்டுப்போன பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதன்முதலாக நானே ஏறினேன். "கயிறு கட்டுனியாடா?" என்று கீழிருந்து நீ கேட்டாய். குனிந்து பார்த்தேன். ஒரு நாய் நின்றிருந்தது.

மூன்றாவது கம்பத்தில் இருக்கும்போது மேளச் சத்தம் கேட்டது. அப்போது ஓடி வந்திருந்தால் உன்னைப் பார்த்திருக்கலாம். ஆனால் இருட்டிவிட்டால் ஏற முடியாது, மறுநாள் விடிந்தால் படகுகள் கிளம்பிவிடும். நான்காவது கம்பத்துக்கு வண்டியைத் திருப்பினேன். அதன் பச்சை விளக்கு எரிந்தபோது உன்னை எடுத்து முடித்திருந்தார்கள். கம்பத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதேன்.

பதினாறாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். "கூடப் பொறந்தவன் மாரி இருந்தியே நைனா, மூஞ்சி பாக்கக்கூட வர்லியே" என்றார் உன் அம்மா. வேலை இருந்தது என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசுவதில்லை.

காரணத்தைச் சொன்னால் தவறு யாருடையது என்று சொல்ல வேண்டும். அதைக்கூடச் சொல்லிவிடுவேன். நீ போன செய்தி கேட்டதும் ஒரு நொடி எனக்கு நிம்மதி வந்ததே, அதை எந்த வாயால் அவரிடம் சொல்வேன்? உன் தம்பி தினமும் கடலுக்குப் போய்த் திரும்பி வருகிறான். அந்த ஒரு நொடி என்னிடமே இருக்கிறது.