எனக்குப் படைத்த சோறு

தோங்யோங்,
2003 ஆகஸ்ட் கடைசி

சிக்னேயின் அம்மா கிர்ஸ்டன் அவர்களுக்கு,

வணக்கம். டென்மார்க்கில் உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா? நான் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைக்காட்சிக்காரர்கள் இதை மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இந்த வாரம் இங்கே நெத்திலி வரத்து அதிகம். கொட்டகையில் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டில் தத்துப்பிள்ளைகளாக வளரும் கொரியப் பிள்ளைகளைப் பற்றி டிவியில் ஒரு நிகழ்ச்சி ஓடியது. அதில் உங்கள் வீட்டைக் காட்டினார்கள். உங்கள் மகள் சிக்னே எங்கள் ஊர் உடையில் படையலுக்கு முன்னால் விழுந்து வணங்கினாள். பிறகு திக்கித் திக்கிக் கொரிய மொழியில் பேசினாள். "எங்கம்மா தோங்யோங் ஊரு குவாக் மியோக். என்னைப் பெத்தப்பவே செத்துட்டாங்க. அதான் என் பொறந்தநாள்லயே அவங்களுக்குத் திவசம்."

குவாக் மியோக் நான்தான்.

கையிலிருந்த தட்டு கவிழ்ந்து நெத்திலி தரையெல்லாம் சிதறியது. கூட வேலை செய்யும் புன்னே அக்கா, "அடியே மியோக், ஒனக்குத் திவசம் குடுக்கறாங்கடி! செத்தவங்களுக்கு வைக்கிற மாதிரி சோத்துல கரண்டிய வேற குத்தி வச்சிருக்காங்க பாரு!" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் குனிந்து நெத்திலியைப் பொறுக்கத் தொடங்கினாள். எனக்கு ஒரு குழந்தை பிறந்தது அங்கே யாருக்கும் தெரியாது. இப்போது ஊருக்கே தெரியும்.

வேறு யாரோ மியோக் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். டிவியில் உங்கள் மகள் முடியை ஒதுக்கியபோது, இடது காதுக்கு முன்னால் ஊசி குத்தியதுபோல ஒரு துளை தெரிந்தது. எனக்கும் பிறந்ததிலிருந்தே அதே இடத்தில் இருக்கிறது.

பத்தொன்பது வயதில், கல்யாணமாகாமல் அவளைப் பெற்றேன். பால்கூடக் கொடுக்கவிடாமல் அப்பா எடுத்துப்போனார். தடுக்க எனக்குத் தைரியமில்லை. சியோலில் ஒரு டாக்டர் வீட்டில் வளர்கிறாள் என்றார், நம்பினேன். நான் செத்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னது அவரா, நடுவில் இருந்தவர்களா? அப்பா இப்போது இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? பதினாறு வருஷமாக, பெற்றவளைக் கொன்றுவிட்டுப் பிறந்ததாக அல்லவா அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள்!

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மீன், பேரிக்காய் எல்லாம் முறையாக வைத்திருந்தீர்கள். ஆவிக்கு ஆகாது என்று பீச் பழத்தைக்கூட ஒதுக்கியிருக்கிறீர்கள். இதையெல்லாம் எங்கே கற்றீர்கள்? எங்கள் வீட்டில் என் பெயரையே எடுக்கமாட்டார்கள். நீங்கள் எனக்குச் சோறு படைத்திருக்கிறீர்கள்.

அவளிடம் சொல்லிவிடுங்கள். செத்துப்போன அம்மாமேல் அவள் உயிரையே வைத்திருக்கிறாள். தன்னை விட்டுவிட்டு உயிரோடு இருப்பவளை ஏற்பாளா என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. வெறுத்தாலும் வெறுக்கட்டும். தன்னால் யாரும் சாகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் மகள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும். அடுத்த பிறந்தநாளுக்கு அவள் சம்மதித்தால், மேஜையில் ஒரு பீச் பழம் வையுங்கள், எனக்கு ரொம்பப் பிடிக்கும். கரண்டியைச் சோற்றில் குத்தாமல் பக்கத்தில் வையுங்கள். நானே வந்து எடுத்துச் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
குவாக் மியோக்