ஒன்பது விநாடியில் ஒரு கரடிக்குட்டி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து. குளிர்கால டயர் மாற்ற கராஜில் இன்னும் நேரம் எடுக்கவில்லை.

புதுப்படம் வந்தது. புது என்றால் நூறு வயதுக்கு மேல். ஊமைப்படம், பதினான்கு நிமிடம். வடக்கே பனிக்கடலுக்குப் போன வேட்டைக் கப்பல். 15ஆம் தேதி மதியம் அரங்கில் காட்டுகிறார்கள், ஓர்கன் வாசிப்போடு. பார்வையில்லாதவர்களுக்கு ஹெட்போன். திரையில் நடப்பதை அதில் நோர்வேஜிய மொழியில் நான் சொல்ல வேண்டும். வசனமே இல்லாத படம். நான் சொல்லாதது எதுவும் அவர்களுக்கு நடக்கவே இல்லை.

மூன்று மணிக்குள் முதல் பிரதி முடிந்தது. மடிக்கணினியிலேயே பார்த்து எழுதியது. சுகமான வேலை. படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பனிக்கரடிக் குட்டி. முதலில் திரையில் எழுத்து அட்டை: "எங்கள் சின்ன நடனக்காரர்". பிறகு ஒன்பது விநாடிக் காட்சி. எழுதியது: "கப்பல் தளத்தில் கரடிக்குட்டி பின்கால்களில் நின்று ஆடுகிறது. மாலுமிகள் சிரிக்கிறார்கள். ஓரத்தில் மடித்த பாய்த்துணி."

குறொன்லாண்ட் தமிழ்க் கடையில்: முருங்கைக்காய், உளுந்து, மிளகாய்த்தூள். கறிவேப்பிலை வரவில்லையாம், நாளைக்காம். போன கிழமையும் நாளைக்குத்தான்.

நவம்பர் 5, புதன்

ஹொல்ம்லியாவுக்கு ரயில் இல்லை, பதிலுக்கு பஸ். நாற்பது நிமிடம் ஈரத்தில் நின்று.

யாழினி வீட்டில் பிரதியை வாசித்துப் பார்த்தல். முப்பத்தைந்து வயது, பத்து வருடத்துக்கு முன் பார்வை போனது, பிசியோதெரபிஸ்ட். நான் எழுதுவதை முதலில் கேட்டுப் பிழை சொல்வது எப்போதும் அவள்தான். படத்தை ஓடவிட்டு வாசித்தேன். குட்டி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம். பிறகு நிறுத்தச் சொன்னாள்.

"அக்கா, கரடிக்குட்டி தன்ரை பாட்டிலை, தானா ஆடுமே?"

"ஆடுதுதானே. நிண்டுகொண்டு ஆடுது."

"முன்கால் ரெண்டும் என்ன செய்யுது?"

தெரியாது என்றேன்.

"பின்கால் நிலத்திலை ஊண்டியிருக்கோ, நுனியிலை நிக்குதோ?"

அதுவும் தெரியாது.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

சரியான எரிச்சல். ஒன்பது விநாடிக்கு இத்தனை கேள்வியா. தேநீர் ஊற்றி வைத்திருந்தாள், குடிக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

பெரிய திரையில் போட்டு, ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தினேன்.

கயிறு. குட்டியின் கழுத்திலிருந்து மேலே போய்ப் படத்தின் விளிம்புக்கு வெளியே. அங்கே யாரோ இழுக்கிறார்கள். இழுக்கும்போது குட்டி எழும்புகிறது, விடும்போது கால் தட்டுகிறது. அதுதான் ஆட்டம். முன்கால்கள் கயிற்றைப் பிடிக்கப் பார்க்கின்றன. வாய் திறந்தபடியே. கத்துகிறது போல.

பாய்த்துணி பாய்த்துணி இல்லை. தாய்க்கரடி, செத்துக் கிடக்கிறது. ஒரு காதும் மூக்கும் தெரிகின்றன. கால் தரையில் படும்போதெல்லாம் குட்டி அந்தப் பக்கம் திரும்புகிறது.

இதற்கு முன் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அட்டை ஆடுகிறது என்றது, நானும் ஆடுகிறது என்றேன். கண் இருக்கிற கழுதை.

திருத்தங்கள்:
1. "சித்திரவதை" என்று எழுதி, அடித்துவிட்டேன். பார்த்ததை மட்டும் சொல்வதுதான் வேலை, தீர்ப்பு சொல்வதில்லை.
2. "பாவம்". அதுவும் அடித்தேன்.
3. பதின்மூன்று விநாடி வந்தது. நீளம்.
4. "கழுத்தில் கயிறு. மேலிருந்து இழுக்கிறார்கள். குட்டி கால் நுனியில். முன்கால்கள் கயிற்றைப் பற்றப் பார்க்கின்றன. ஓரத்தில் தாயின் உடல். மாலுமிகள் சிரிக்கிறார்கள்." ஒன்பது விநாடி. சரி.

சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்த கரடிம்மா. நீ இப்ப கயிறுன்னு சொன்னா அது தப்பிச்சிருமா? விடு." திருநெல்வேலிக்காரர். கல்யாணமாகிப் பதினாறு வருடம், எல்லாவற்றுக்கும் ஒரு "விடு". எனக்கு இன்னும் கோபம். குழம்பில் உப்புப் போட மறந்திருக்கிறேன். அவர் எழுந்துபோய் ஊறுகாய் எடுத்து வந்தார்.

யாழினிக்கு ஃபோன் எடுத்து நான்காவதை வாசித்தேன்.

"என்னைச் சிரிக்க வைச்சுப்போட்டியள் அக்கா," என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

ஹென்ரிக்குடன் சந்திப்பு. நிகழ்ச்சிப் பொறுப்பாளர். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. புதுப் பிரதியை வாசித்ததும் முகம் சுருங்கியது. சொன்னவை:

குடும்பமாக வருகிறார்கள்.
அந்த இடத்தில் ஓர்கனில் துள்ளலான போல்கா நடன இசை, பொருந்தாது.
நடுநிலை. பார்க்கிறவர்கள் தாங்களே முடிவு செய்யட்டும்.

பார்க்கிறவர்கள் செய்யட்டும், பார்க்க முடியாதவர்கள் எதை வைத்துச் செய்வது என்று கேட்டேன். கயிறு என் கருத்து இல்லை, திரையில் இருக்கிறது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. இந்த நாட்டில் குரல் உயர்ந்தால் அதோடு பேச்சு முடிந்தது. ஹெ. ஜன்னலைப் பார்த்தார். முதல் பிரதியே அழகாக இருந்தது என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சரியாம்! ட்ராம் முழுக்க என்னையே திட்டிக்கொண்டு. பல் வைத்தியரிடம் எடுத்த நேரமும் மறந்துபோனது.

நவம்பர் 15, சனி

வெயில். மைனஸ் நான்கு.

அரங்கின் பின்னால் கண்ணாடி அறை, மைக். மூன்றாவது வரிசையில் ஹெட்போனோடு ஏழு பேர், ஓரத்தில் யாழினி. என் கையில் இரண்டு பிரதியும். எதை வாசிப்பேன் என்று எழுத்து அட்டை வரும்வரை உண்மையிலேயே தெரியாது.

கயிறு உள்ள இரண்டாவதை வாசித்தேன். "தாயின் உடல்" என்று சொல்லும்போது போல்கா உச்சத்தில். அரங்கு சிரித்தது. பெரியவர்கள், குழந்தைகள், எல்லோரும் நன்றாகக் கண் தெரிகிறவர்கள். மூன்றாவது வரிசையில் அந்த ஏழு பேரும் அசையவில்லை. ஒருவர் மட்டும் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, சிரிப்பு வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

வென்ற மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. அடுத்தது பனிப்பாறை, அதற்கடுத்தது கடற்பறவைகள். வாசித்துக்கொண்டே போனேன்.

வெளியே ஹெ. கோப்பிக் கோப்பையோடு நின்றார். தலையை மட்டும் அசைத்தார். ஏன் அதை வாசித்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். "அவை ஏனக்கா சிரிச்சவை? அவைக்கு வேறை படம் ஓடினதோ?"

நவம்பர் 18, செவ்வாய்

ஹெ.யிடமிருந்து மின்னஞ்சல். மரியாதையான நான்கு வரி. அடுத்த மாதம் ஸ்தவாங்கர் நகரில் காட்சி. வேறு குரல், முன்கூட்டியே பதிவு செய்தது. பிரதி முதலாவது. ஒப்பந்தப்படி எழுத்து அவர்களுடையது. என் பெயரை நன்றியோடு போடுவார்களாம். அந்த "ஆடுகிறது"க்கு என் பெயர்!

பெயரை எடுக்கச் சொல்லிப் பதில் எழுதினேன். மூன்று தரம் அழித்து, நான்காம் தரம் அனுப்பினேன். செய்ய முடிந்தது இவ்வளவுதான். அரைமணி நேரம் சமையலறையில் சும்மா நின்றேன்.

யாழினிக்கு ஃபோன். சொன்னேன் என்பதைவிடப் புலம்பினேன். அந்தப் பக்கம் கணினி தட்டும் சத்தம். நான் சொல்வதைக் கேட்கிறாளா இல்லையா என்று அதிலும் எரிச்சல்.

"அக்கா, ஸ்தவாங்கர்க் காட்சிக்கு ரெண்டு ரிக்கெற் எடுத்திட்டன்."

"ஏன்?"

"கரடிக்குட்டி வரேக்கை ஹெட்போனைக் கழட்டிப்போட்டு, இப்ப அதிலை என்ன நடக்குதெண்டு சத்தமாக் கேக்கப்போறன். நொஸ்க்கிலை, அவையின்ரை மொழியிலையே."

"நான் என்ன செய்யிறது?"

"பக்கத்திலை இருந்து பதில் சொல்லுங்கோ. மெல்லமா இல்லை."