எண்ணூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயம்

4 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் மனைவி இறந்துபோய் ஒன்பது மாதமாகிறது. லிப்ட் பழுது பார்க்கும் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஏதோ சீனக் கதை படிக்கிறாயாம். உன் முதலாளி சொன்னார். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? இங்கே மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. வந்துவிடேன்.

உன் அண்ணன்

15 ஜூன்

அன்புள்ள அண்ணா,

சிரிப்பு இருக்கிறது. தவம் செய்து படிப்படியாகச் சாகாவரம் வாங்கும் கதை. நாயகன் சோம்பேறி. நானூறு வருஷம் குகையில் உட்கார்ந்து எழுந்தவன், "சாப்பாடு ஆச்சா?" என்கிறான். அவன் குழம்பு வைக்கப் பிடித்த கோழி, குருவின் மாத்திரையைத் தின்றுவிட்டுப் போட்டிக்குத் தவம் செய்கிறது. செத்தவர்கள் பத்தே அத்தியாயத்தில் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து வருகிறார்கள். வேறெங்கே அப்படி நடக்கிறது? மாடி அறை இருக்கட்டும்.

தம்பி

27 ஜூலை

அன்புள்ள தம்பிக்கு,

நானும் படித்தேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சொல்ல ஆளில்லை.

குறையும் உண்டு. ஒரு படி ஏறினால் மேலே இன்னொரு படி. எட்டு தேறினால் ஒன்பது, ஒன்பது தேறினால் பத்து என்று பள்ளிக்கூடமே முடியாததுபோல. செத்தவன் எழுந்து வருவான் என்று தெரிந்தால் அழுகைதான் வருமா?

விடைத்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருத்தியே பழகியவன் நான். அதனால் முடிவை முதலிலேயே பார்த்துவிட்டேன். கோழி சாகாவரம் பெற்று மேலே போகிறது. நாயகன் கீழே நின்று கையசைக்கிறான். அந்த இடம் உண்மையாக இருந்தது. இப்போதாவது வருவாயா?

உன் அண்ணன்

12 ஆகஸ்ட்

அண்ணா,

மூன்று நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சத்தமாக வாசிப்பாள், நான் கேட்பேன். அப்படிப் படித்த கதை. அவள் வாசித்தது எண்ணூற்றுப் பன்னிரண்டோடு நின்றது. நான் அதுவரை படித்துவிட்டு மறுபடி ஒன்றுக்குப் போய்விடுவேன். அதற்குமேல் ஒரு வரி பார்த்ததில்லை. நீங்கள் முடிவையே சொல்லிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாது, தப்பில்லை.

"பாருங்க, உங்க ஆளு இல்ல, கோழிதான் மேல போகும். என்ன பந்தயம்?" என்றாள்.

"போடி, பைத்தியம்" என்றேன்.

அவள் ஜெயித்துவிட்டாள். நேற்று அடுக்களையில் நின்று அதை அவளிடம் உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள்.

மாடி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இந்த வீட்டை விட்டு வர மனசில்லை. இன்று எண்ணூற்றுப் பதின்மூன்றைத் திறந்து சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நல்ல வேடிக்கையான அத்தியாயம்தான். என் குரலில் நன்றாகவே இல்லை, அண்ணா.

தம்பி