அந்தப் பெயரை நீ போட்டிருக்கக் கூடாது

இன்று காலை கும்மிடிப்பூண்டி பஜார் சுவரில் உன் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை டீக்கடை வரைக்கும் வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. கைகூப்பிச் சிரிக்கிறாய். கீழே சிவப்பு எழுத்தில், ‘உண்மையை முதலில் சொன்னவனே!’ என்று போட்டிருந்தது. பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். முதலில் சொன்னவன் என்பது சரிதான். அந்த இன்னொரு வார்த்தைதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். நான் உன்னைப் பற்றி யாரிடமும் பேசப்போவதில்லை. உன்னிடமேதான் சொல்கிறேன்.

பொன்னேரியில் நாம் ஒரே வகுப்பு. பிறகு நீ சென்னையில் ஒரு கம்பெனியில் வெப்சைட் கட்டினாய், திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கி தினமும் ரயிலில் போய்வந்தாய். நான் ஒரு நாளிதழுக்கு இந்த வட்டாரத்தின் பகுதிநேர நிருபர். ஒரு நாள் அந்தப் பேப்பர் எங்கள் வட்டாரப் பக்கத்தையே நிறுத்திவிட்டது. எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. காலையில் பேப்பரைப் பிரித்து, பக்கம் இல்லை என்பதை வாசகர்களோடு சேர்ந்துதான் நானும் தெரிந்துகொண்டேன். அந்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாய்.

“பேப்பர் செத்துட்ச்சிடா. நியூஸ் சாவல. நீ எழுது, நான் சைட்டு கட்றேன்” என்றாய். வேலையை விட்டுவிட்டதாகவும் சொன்னாய். ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுகொண்டே இருந்தார். நாம் இருவரும் இலையைப் பார்க்கவில்லை.

‘ஷிப்ட் மணி’ அப்படித்தான் பிறந்தது. ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை. நான் தொழிற்பேட்டை முழுக்க வண்டியில் சுற்றி, எந்த கேட்டில் ஆள் எடுக்கிறார்கள், எந்தக் கம்பெனி பஸ் தாமதம், எங்கே கரண்ட் கட் என்று எழுதி அனுப்புவேன். நீ ஏற்றுவாய். எவனும் சீந்தாத செய்திகள். ஆனால் வேலை தேடுகிறவனுக்கு அதுதான் செய்தி. ஒரு வருடம் கழித்து, காலை ஷிப்ட் முடிந்து வந்த கூட்டத்தை பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தோம். எட்டிப்பார்த்த போனிலெல்லாம் நம் பக்கம் திறந்திருந்தது. நீ என் தோளைப் பிடித்து அழுத்தினாய். அந்த அழுத்தத்தை நான் மறுக்க மாட்டேன். அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது.

வீடியோ போட ஆரம்பித்த பிறகுதான் நீ கெட்டாய். எத்தனை பேர் பார்க்கிறார்கள், எந்த நொடியில் விட்டுப் போகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஏறி இறங்கிக் காட்டும் அந்தக் கோட்டுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாய். “மூணு செகண்டுல தள்ளிகினு பூட்றான்டா. அவன நிக்க வெக்கணும்” என்பாய். தலைப்பில் ‘அதிர்ச்சி’ வந்தது. படத்தில் சிவப்பு வட்டம் வந்தது, அம்புக்குறி வந்தது. நான் சண்டை போட்டால் உன்னிடம் ஒரே பதில்: “மொதல்ல போடு. தப்பா இருந்தா தூக்கிக்கலாம்.” அதைப் பெரிய தத்துவம் மாதிரி எல்லாரிடமும் சொல்வாய்.

அந்த நாளைப் பற்றி உயிரோடிருந்தபோது நீ என்னைப் பேசவே விட்டதில்லை. இப்போது கேள்.

இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் காலை பதினோரு மணிக்கு விபத்து. நான் போவதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கேட்டில் ஒரே கூச்சல். அங்கிருந்து உனக்குப் போன் செய்தேன். “ரெண்டு பேருடா. ஒருத்தர் செத்துட்டாரு, ஒருத்தர் சீரியஸ். பேரு ஏழுமலை, திருமலை. யாரு போனதுன்னு ஆஸ்பத்திரில கேட்டு சொல்றேன். அது வரிக்கும் போடாத” என்றேன். இப்படித்தான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

நான் வண்டியில் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நீ போட்டுவிட்டாய். திருமலை பலி. ஏழுமலை உயிர் தப்பினார். சிவப்பு வட்டம், அம்புக்குறி எல்லாம் இருந்தது.

இறந்தது ஏழுமலை.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஏழுமலையின் மனைவி தேவகி. பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் பிளாஸ்க். நம் வீடியோக்களில் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நேராக என்னிடம் வந்தாள்.

“அண்ணா, நீங்க ஷிப்ட் மணி அண்ணாதான? எங்க ஊட்டுக்காரரு எந்த வார்டுல கீறாரு? கஞ்சி கொண்டாந்தேன். ஆறிடப் போவுது.”

ஏழுமலையோடு வேலை செய்தவர் ஒருவர் வந்து, “இல்லம்மா… ஏழுமலை நம்மள வுட்டுட்டு பூட்டாருமா” என்றார். அவள் அவரை நம்பவில்லை. போனை எடுத்து நம் வீடியோவை அவரிடம் காட்டினாள். “இல்லியே, பொழச்சிகினாருன்னு இதுல போட்டுக்குதே. இந்த அண்ணாவயே கேளு” என்றாள். என்னைக் கேட்டார்கள். நான்தான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் உறுதிசெய்த செய்திகளில் அது ஒன்று.

திருமலை வீட்டில் அதற்குள் ஒப்பாரி வைத்து, பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

உனக்குப் போன் செய்தேன். “தூக்கிட்டேன்டா, இப்ப இன்னா? சும்மா பேஜாரு பண்ணாத” என்றாய். ஒரு நொடி விட்டு, “அதுக்குள்ள எத்தினி பேரு பாத்துட்டாங்க தெரியுமா?” என்றாய். உன் குரலில் சந்தோஷம் இருந்தது. நீ செத்தாலும் அந்தக் குரல் சாகவில்லை.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கே கேமராவோடு போனாய், மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று. மன்னிப்புக்கு எதற்கடா கேமரா? நான் வாசலை மறித்து நின்று லென்ஸைக் கையால் பொத்தினேன். உள்ளே அவள் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்க, அவள் காதுபடக் கத்தினாய்: “திருமலதான் செத்தான்னு நீதானடா சொன்ன! இப்ப யோக்கியன் மாரி நிக்கற!”

அன்று சாயங்காலமே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினாய். அடுத்த நாள், நான் ஆலைக்காரர்களின் ஆள் என்றும், தப்பான செய்தியைத் திட்டமிட்டுக் கொடுத்தேன் என்றும் வீடியோ போட்டாய். நான் ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்த வாசகர்கள் அதன் கீழே என் பிறப்பைக் கேள்வி கேட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள், “நீ காசு வாங்கினியாப்பா?” என்றாள். அவளிடம் இல்லை என்று சொல்லவேண்டி வந்ததே, அதற்காக மட்டும் உன்னை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.

பிறகு ஒரு நாள் உன் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். இரண்டே நாளில் முடிந்தது. உன் சாவுக்கு வரத்தான் கிளம்பினேன். பாதி வழியில் இறங்கி, எதிர் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பதில் சொல்லவேண்டிய ஆள் தப்பித்துவிட்டான் என்ற ஆத்திரம்தான் இருந்தது. ஷிப்ட் மணியை யாரோ வாங்கினார்கள். இப்போது அதில் ராசிபலன் வருகிறது.

நான் தனியாக ஒரு சின்ன வெப்சைட் நடத்துகிறேன். வேலை வாய்ப்பு, பஸ், கரண்ட் கட். விபத்து என்றால், வீட்டாரிடம் நேரில் பேசாமல் பெயர் போடுவதில்லை. எல்லாரும் போட்ட பிறகு கடைசியாகப் போடுகிறேன். வாசகர் குறைவு. குறைவாகவே இருக்கட்டும்.

ஆனால் ஒன்றைப் போன மாதம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னிடம், “போனது திருமலன்னுதான் நெனைக்கிறேன்” என்றார். அதை உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நீ இருந்தவரை சத்தியம் செய்தேன். நீ போன பிறகு அந்தச் சத்தியம் தளர்ந்துகொண்டே வருகிறது. அந்தக் கூச்சலில் வாய் தவறி வந்திருக்கலாம். அந்த அழைப்பைக் கேட்டவர்கள் நாம் இரண்டு பேர். ஒருவன் சுவரில் சிரிக்கிறான். இன்னொருவனுக்கு ஞாபகம் இல்லை. போடாதே என்று சொன்னது மட்டும் நிச்சயம். மீறிப் போட்டதற்கு நீதான் பொறுப்பு, நீ மட்டும்தான்.

போன மாதம் தேவகியைப் பார்க்கப் போனேன். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வாட்ச்மேன் சொன்னது, நான் ஒருவேளை உன்னிடம் சொல்லியிருக்கலாம் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, வாசல் பக்கம் திரும்பினாள்.

“யாரு சொன்னா இன்னாண்ணா, இப்ப?” என்றாள். “அன்னிக்கி பஸ்ல எனக்கு சீட்டு கெடைக்கல. பிளாஸ்க்க நெஞ்சோட அணச்சிகினு நின்னுகினே போனேன். பக்கத்துல கீற பொம்பளைங்க கிட்டல்லாம், எங்க ஊட்டுக்காரரு பொழச்சிகினாருன்னு சிரிச்சி சிரிச்சி சொல்லிகினே போனேன்ணா.”

உன் மேல் எனக்குள்ள வெறுப்பு அப்படியே இருக்கிறது. அதோடு, அந்தப் பஸ்ஸில் அவள் நின்று சிரித்ததும் இருக்கிறது. அதில் உன் பங்கு எது, என் பங்கு எது என்று பிரித்துக்கொடுக்க நீ இல்லை. முழுசையும் நான்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.