பெட்டிக்குள் சீட்டு இல்லாத செய்தி

இன்று காலை ஔந்த்தில் என் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல். நடுக்கடலில் நம் போர்க்கப்பல் ஒன்று மூழ்கடிக்கப்பட்டதாம். அரசாங்கம் மறைக்கிறதாம். உடனே பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். பக்கத்து மேசைக்காரர் அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார். நான் திரையில் மெயிலைக் கீழே நகர்த்திக்கொண்டே போனேன். அனுப்பியவர்களின் முகவரிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. பாதியில் உன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

நீ போய் மூன்று வருடம்.

அதற்கும் முன்னால், மலைமேல் சண்டை நடந்த அந்தக் கோடை. கட்கியில் நம் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் ஒரே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உன் அக்காவின் புருஷன், உன் மாமா, அங்கே ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. அக்கா காலையில் பால்வாடிக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டு, மத்தியானம் போஸ்ட்மேனுக்காக வாசலில் நிற்பாள்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில். நம் வரிசை வீடுகளில் இங்கிலீஷ் மெயில் படித்துச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். கேம்ப் கடைத்தெருவில் ஒரு சைபர் கஃபேயில், இதேபோல எனக்கு வந்த ஒரு மெயிலை பிரிண்ட் எடுத்து வந்தேன். லாரிகள் வரிசையாக எரிந்தன, ஒருவரும் தப்பவில்லை, எழுதியவர் ஒரு மேஜரின் நண்பர். குழாயடியில் நின்று தமிழில் சொன்னேன். எல்லோரும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டத்தின் பின்னால் அக்கா நின்றதை நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக என் வீட்டுக்கு வந்தாய். கன்னத்தில் அறை விழும் என்று நினைத்தேன். கையை நீட்டினாய்.

"அந்தப் பேப்பரக் குடு."

தொழிற்சாலையில் உனக்கு பேக்கிங் பிரிவு. ஒவ்வொரு பெட்டியையும் மூடும்போது உள்ளே ஒரு சீட்டு வைப்பீர்கள், அதில் மூடியவனின் டோக்கன் நம்பர். குறை என்று பெட்டி திரும்பினால் சீட்டை எடுத்து ஆளைக் கூப்பிடுவார்கள்.

"இத யார்றா பேக் பண்ணது?"

"மேஜரோட ஃப்ரெண்டு."

"எந்த மேஜர்?"

"போடல."

"ஃப்ரெண்டு பேரு?"

பேப்பரை எட்டிப் பார்த்தேன், அதுவும் இல்லை.

"இன்னாடா எம்.ஏ. சீட்டே இல்லாத பெட்டியக் கொணாந்து என் வீட்டுக்குள்ள எறக்கிட்டியே."

கிண்டல்தான். ஆனால் பேப்பரை நீ திருப்பித் தரவில்லை.

மறுநாள் லீவு போட்டாய். உன் ஸ்கூட்டரில் கேம்ப்புக்குப் போனோம். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி. மெயிலின் அடியில் இருந்த ஒவ்வொரு முகவரிக்கும் எழுதச் சொன்னாய். உனக்கு யார் கொடுத்தது? நீ பார்த்தாயா? நீ தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் தட்ட, இரண்டு மணி நேரம்.

அடுத்த நாள் இரண்டு பதில்கள் வந்திருந்தன. ஒருவருக்கு ரூம்மேட் அனுப்பினானாம். இன்னொருவர் நாக்பூரில் ஒரு பெண். இதே கடிதம் தனக்குப் போன குளிர்காலத்திலேயே வந்தது என்றாள். வேறு மலை, வேறு படைப்பிரிவு. அதே எரியும் லாரிகள். பழைய மெயிலையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். என்னை இரண்டு தடவை படிக்க வைத்தாய். பிறகு சிரித்தாய்.

"சல், விடுடா, போன வருஷத்து மாலு."

"அப்ப மாமாவுக்கு ஒண்ணும் இல்லடா!" என்று கத்தினேன்.

உன் சிரிப்பு நின்றது.

"அப்படி எங்க போட்டிருக்கு? இது பொய்னு தெரிஞ்சுது. அவ்ளோதான். மாமா எப்படி இருக்காருன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அக்காகிட்ட அத மட்டும் சொல்லு. நீயே போய் சொல்லு."

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை, பால்வாடி இல்லை. இரண்டு காகிதங்களையும் அவள் முன்னால் வைத்து, நான் சொன்னது பொய் என்றேன். மாமாவைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்றேன். ஆறுதலாக ஏதாவது சேர்க்க வாய் துடித்தது. வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அக்கா இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"தெரியாதுன்னா காத்துக்கிட்டு இருக்கலாம்," என்றாள். எழுந்து முகம் கழுவினாள். துண்டை எடுத்துக்கொண்டே, "அடுத்த தடவ எங்கிட்ட மொதல்ல சொல்லு, கழுத. கொழாயடிக்குப் போகாத."

குழாயடிக்கும் நீயே கூட்டிப்போனாய். நான் சொன்னது பொய் என்று அங்கேயும் சொன்னேன். இந்தத் தடவை யாரும் குடத்தை இறக்கவில்லை. நீ மட்டும் பக்கத்தில் நின்றாய்.

பதினோரு நாள் கழித்து மாமாவின் கடிதம் வந்தது. குக்கருக்கு கேஸ்கெட் மாற்றியாயிற்றா என்று கேட்டிருந்தார். அக்கா அதைக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் படித்துக் காட்டினாள்.

மூன்று வருடம் முன்பு நிக்டி ரோட்டில் உன் வண்டி விழுந்த அன்று நான் சென்னையில் இருந்தேன். அக்காதான் போன் செய்தாள். உன் பெயரைச் சொல்வதற்கு முன்பே சொன்னாள்: "நான் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். நானே பாத்தேன். கடைசி வரைக்கும் கைய நான்தான் புடிச்சிருந்தேன்." அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். சந்தேகப்பட எனக்கு இடமே வைக்கவில்லை. பொய்யாக இருக்கட்டும் என்று ஓடிய மனசை அவள் முன்கூட்டியே பிடித்து நிறுத்திவிட்டாள். அதைவிட மென்மையாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

அதிலிருந்து நானும் அப்படித்தான். யாரிடமாவது கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தால், நான் எங்கே இருந்தேன் என்பதை முதலில் சொல்கிறேன். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்கிறேன். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லைடா.