கார் கிளம்பும் சத்தம்

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி விட்டதா?

கார் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது என்று அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்காதே. இன்ஜின் ஓடும்போது மீட்டர் பதினாலு வோல்ட்டை நெருங்காவிட்டால், கோளாறு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில்தான். ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்க மட்டும் உன் தம்பியை விடாதே. போன வாரம் நான் அப்படிச் செய்து, இங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு காரின் விளக்கெல்லாம் பொசுங்கிவிட்டது. “எந்தக் காலத்துல இருக்க நீ?” என்று முதலாளி காய்ச்சி எடுத்தார். வேறொன்றும் இல்லை.

நீ போனில் அனுப்பிய ஸ்டார்ட் சத்தம் பாதியில் நின்றுவிட்டது. பின்னால் பாப்பா, “அம்மா, அப்பா எப்ப...” என்று ஏதோ கேட்க ஆரம்பித்தாள். மறுபடி பதிவு செய். வண்டி கிளம்பியதும் நிறுத்திவிடாதே. சத்தம் முழுசாகக் கேட்டால்தான் எனக்குக் கோளாறு பிடிபடும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மெக்கானிக்