மலை வருதுங்க, சார்

ஈரேழு உலகமும் அஞ்சிய வாய்க்குச் சொந்தக்காரியே, என் ஆசை அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று படையல் போட்டோம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தோம். ஜமுனாமரத்தூரே திரண்டு வந்து கதறியது என்று எழுதத்தான் ஆசை. வந்தவர்கள் நம் பங்காளிகளும் ஒரு நாயும்.

உன் மகன் குமரேசன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஜவ்வாது மலை ஆகாயத்துக்கு அனுப்பிவைத்த முதல் சக்கரவர்த்தி. பெரிய விமானத்தில் கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலி. அவனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உன்னை நினைத்தால் இன்னும் அதிகமாக.

இப்போது விமானத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். இறங்கும் நேரத்தில் தரையோ மலையோ ரொம்பக் கிட்டே வந்துவிட்டால், ‘மேலே தூக்கு, மேலே தூக்கு’ என்று இங்கிலீஷில் கத்தும். கத்தியதும் விமானத்தை உயரத் தூக்கிவிட வேண்டும். ஏன் கத்தியது என்பதெல்லாம் அப்புறம். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒன்றுமில்லாததற்கும் கத்துகிற சுபாவம் உண்டு, உன்னைப் போல. அதனால் பழைய கேப்டன்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன மாதம், கொட்டுகிற மழையில், மலைகளுக்கு நடுவே இருக்கிற ஓர் ஊரில் இறங்கப் போயிருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே வெறும் மேகம். பெட்டி கத்தியது. கேப்டன் வேலூர்க்காரர், தலை நரைத்தவர். “கத்தட்டும்பா, இந்த ஊர்ல அதுக்கு இதே பொழப்பு” என்றாராம். தரைக்கும் தங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று காட்டுகிற முள் கிடுகிடுவென்று இறங்குவதை உன் மகன் பார்க்கிறான். பார்த்துவிட்டு என்ன செய்தான் தெரியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“சார், மலை வருதுங்க போல இருக்குதுங்க, சார்.”

மலை என்ன சம்பந்தி வீட்டாரா அக்கா, மரியாதை கொடுத்து உள்ளே அழைக்க?

மேகம் கிழிந்து எதிரே பச்சைச் சரிவு தெரிந்த பிறகுதான் கேப்டன் விமானத்தை மேலே இழுத்தார். வால் ஒரு மரக்கிளையைச் சீவிக்கொண்டு போனது என்பது என் கைச்சரக்கு. ஆனால் சரிவில் மேய்ந்த ஆடுகளைத் தனித்தனியாகப் பார்த்தேன் என்று அவனே சொன்னான். பின்னால் நூற்றுச் சொச்சம் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்களாம்.

இறங்கிய பிறகு கேப்டன் கேட்டாராம்: “ஏம்பா, நீ சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனுங்க, சார்.”

“சொன்னியா?”

வருகிற வியாழக்கிழமை அதே கேப்டன், அதே ஊர். இந்தத் தடவையாவது கத்துவாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

“பெரியவங்கள எதுத்துப் பேச மாட்டேன்னு அம்மாவுக்குக் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கறேன் மாமா.”

தாசில்தார் முதல் சாமியாடி வரை ஒருத்தர் விடாமல் எதிர்த்துப் பேசியவள் நீ. பெற்ற பிள்ளையை மட்டும் ஏன் அக்கா ஊமையாக்கினாய்? வேலை போய்விடும் என்ற பயமா? உயிர் போனால் வேலை இருக்குமா? சத்தியத்தை வாங்கியவள் திருப்பிக் கொடுக்காமல் போய்விட்டாய். நான் எந்தக் கச்சேரியில் மனுப் போடுவது?

அவனை மடியில் உட்காரவைத்துக் காது குத்திய தாய்மாமன் நான். ஒரு திட்டம் போட்டேன். அமிர்தியில் வேலூர் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று என் ஜீப்பில் கூட்டிப்போனேன். புலிப்பாறை வளைவில் பள்ளத்தை நோக்கி வண்டியைத் திருப்புவது போல நாடகம் ஆடினால் பிள்ளை வாய் திறப்பான் என்பது என் மகா தந்திரம்.

தூறல் பிடித்துக்கொண்டது. நான் வண்டி ஓட்டும் பெருமையை நானே பாடிக்கொண்டு வந்தேன். “மாமா, ஓரமா போவுதுங்க” என்றான். “நீ பொறக்கறதுக்கு முந்தியே இந்த ரோட்டுல ஓட்டுனவன்டா நானு” என்றேன்.

“யோவ், நிறுத்துயா!”

கத்தும்போதே கைப்பிரேக்கை இழுத்துவிட்டான். ஜீப் குலுங்கி நின்றது. எதிரே பாதி ரோட்டைக் காணோம். மழை அரித்துப் பள்ளத்தில் இறக்கியிருந்தது. குமரேசன் இறங்கி வந்து கைகட்டி நின்றான். “தப்பா பேசிட்டேனுங்க மாமா.”

“பரீட்சைல பாஸ்டா” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் உண்மை: புலிப்பாறை வளைவு இன்னும் வரவே இல்லை. ரோடு அரித்துப் போயிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

பஸ் ஏறும்போது வியாழக்கிழமையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“மொதல்ல தூக்கிடறேன் மாமா. மன்னிப்பு அப்பறமா கேட்டுக்கறேன்.”

ஆகவே அக்கா, உன் சத்தியம் உடையப்போகிறது. அதற்கு வருகிற பாவம் எதுவானாலும் இந்தத் தலையில் வாங்கிக்கொள்கிறேன். இது என் வாக்கு. அவன் கனவில் போய் முறைக்காதே. முறைப்பதென்றால் நேராக என்னிடம் வா, திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் கத்து. இந்தத் தடவை உடனே கேட்பேன்.

உன்னிடம் திட்டு வாங்கவே உனக்குப் பின்னால் பிறந்த தம்பி,
குமரேசனின் தாய்மாமன்